உச்சி தாண்டினால் கனம் அந்தப் பக்கம்

எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று யாராவது கேட்டால், "வேலம்மாள்" என்று சொல்வேன். "அவங்க எந்தக் காலேஜ்ல இருந்தாங்க?" என்பார்கள். "காலேஜா? அவங்க ராட்டினம் சுத்துறவங்க" என்பேன். உடனே ஒரு சிரிப்பு வரும். சிரிக்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. பொறுமை எனக்கு எப்போதுமே கம்மிதான். இந்தக் கதையே அதனால் வந்த வினை.

முதலில் வேலம்மாளைச் சொல்லிவிடுகிறேன். திருவெள்ளறைப் பக்கம் மழையை நம்பிச் சோளம் போடுகிற வீட்டில் பிறந்தவர். பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு சரி. புருஷன் பெரியண்ணனும் அதே ஊர், அதே விவசாயம். மழை பொய்த்த ஒரு வருடம் பெரியண்ணன் உடைந்துபோன மாட்டுவண்டியின் இரும்பு அச்சை எடுத்து ஒரு ராட்டினம் கட்டினார். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தூண், நடுவில் அச்சு, அச்சிலிருந்து நான்கு திசையிலும் நீளும் மரக்கைகள், ஒவ்வொரு கையின் நுனியிலும் ஆள் உட்காரும் ஒரு பெட்டி. மோட்டார் கீட்டார் எதுவும் கிடையாது. கீழே நிற்கிற ஆள் தள்ளினால்தான் மேலும் கீழுமாகச் சுற்றும். சமயபுரம், வயலூர், ஸ்ரீரங்கம் என்று திருவிழாவுக்குத் திருவிழா வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். எங்கள் மாதா கோயில் திருவிழாவுக்கும் வருவார்கள்.

பெரியண்ணனுக்குக் குடலிறக்கம் வந்தது. இனிமேல் கனம் தூக்கவோ தள்ளவோ கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவர் மணியை ஆட்டி ஆள் கூப்பிடுவது, வேலம்மாள் தள்ளுவது என்று ஆனது. "அவருக்குத் தொண்டை, எனக்குத் தோளு" என்பார் வேலம்மாள். ஒல்லியான உடம்பு. ஆனால் அந்தத் தோளைப் பார்த்தால் யாரும் வம்புக்குப் போக மாட்டார்கள். எதிரெதிர்ப் பெட்டியில் உட்காருகிறவர்களின் எடை சமமாக இருக்க வேண்டும் என்பதால் வருகிறவர்களை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க இதுல, உங்க மச்சான் அதுல" என்று பிரித்து உட்காரவைப்பார். கண்தான் தராசு. ஆள் குறைந்தால் எதிர்ப்பெட்டியில் மணல் மூட்டை வைப்பார்.

இனி என் லட்சணம். பெயர் லூர்துராணி. 1959-ல் எனக்கு இருபத்தொன்பது வயது, வேலம்மாளுக்கும் அதே வயதுதான் இருக்கும். திருச்சியில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். பி.எஸ்ஸி., பி.டி. என்று பெயருக்குப் பின்னால் எழுதிக்கொள்வேன். நல்ல மார்க்தான். ஆனால் வாங்கின மார்க்கில் பாதி மனப்பாடம் என்பது எனக்கு மட்டும் தெரியும். சூத்திரத்தைச் செபம் சொல்கிற மாதிரி கடகடவென்று ஒப்பிப்பேன். ஏன் என்று என்னை யாரும் கேட்டதில்லை, நானும் யாரையும் கேட்டதில்லை.

அந்த நாளில் ஐந்தாம் பாரத்தில், அதாவது பத்தாம் வகுப்பில், கணக்கு இரண்டாகப் பிரியும். ஒன்று சாதாரணக் கணக்கு, இன்னொன்று காம்போசிட் மேத்ஸ் என்கிற கடினமான கணக்கு. பெண்பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் சாதாரணத்துக்குப் போய்விடுவார்கள். காம்போசிட்டுக்கு என்னிடம் வந்தது ஆறே பேர். அதை விட்டவள் பிறகு காலேஜில் கணக்குப் படிக்க முடியாது. கதவு சாத்தினது சாத்தினதுதான்.

ஆறு பேரில் அமலராணி என்று ஒருத்தி. ரயில்வே கிளார்க்கின் மகள். எதையும் லேசில் விட மாட்டாள். பிப்ரவரி மாதம் ஒரு நாள் நான் கரும்பலகையில் செங்கோண முக்கோணம் போட்டு, எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் சைன், அடுத்த பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் கோசைன் என்று எழுதினேன். முப்பது, நாற்பத்தைந்து, அறுபது டிகிரிக்கு அட்டவணையும் போட்டேன். அமலராணி எழுந்தாள்.

"டீச்சர், எங்க அண்ணனோட காலேஜ் புஸ்தகத்துல சைன் நூத்திருபது டிகிரின்னு போட்டிருக்கு. செங்கோண முக்கோணத்துல ஒரு கோணம் தொண்ணூறு. மீதி ரெண்டும் சேர்ந்தே தொண்ணூறுதான். நூத்திருபது எப்படி டீச்சர் உள்ள வரும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்தது வந்தது.

"அதோட கோசைன் நூத்திருபதுக்கு மைனஸ் அரைன்னு போட்டிருக்கு. ஒரு பக்கத்தோட நீளம் எப்படி மைனஸ் ஆகும்?"

நூற்றெண்பதிலிருந்து கழி, குறியை மாற்று என்கிற சூத்திரம் எனக்குத் தெரியும். எதற்காகக் கழிக்க வேண்டும், எதற்காக மாற்ற வேண்டும் என்பது தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஐந்தெழுத்துக்கூட இல்லாத வார்த்தை அது! வரவில்லையே வாயில்! கோபம்தான் வந்தது.

"உங்க அண்ணன் காலேஜுக்குப் போறான்னா நீ எனக்குப் பாடம் நடத்துவியா? அதிகப்பிரசங்கி! சிலபஸ்ல இல்லாததை எல்லாம் கேட்டு வகுப்பைக் கெடுக்கிறியா? போ வெளியே!"

போனாள். மணி அடிக்கிற வரை வராந்தாவில் நின்றாள். மறுநாள் காலை ஒரு கடிதத்தை என் மேஜைமேல் வைத்தாள். அப்பா கையெழுத்துப் போட்டிருந்தார். தன் மகளைச் சாதாரணக் கணக்குக்கு மாற்றிவிடும்படி கேட்டிருந்தார். ஆறாம் பாரத்துக்கு யார் யார் எந்தக் கணக்கு என்கிற பட்டியலை மாதக் கடைசிக்குள் நான்தான் தலைமையாசிரியை மதரிடம் கொடுக்க வேண்டும். அமலராணி பெயரை அடிக்க வேண்டியது என் பேனாதான்.

அந்தப் பெண்ணைப் போல ஒரு கணக்கு மூளை என் கையில் அதுவரை வந்ததில்லை. என் வாய்க்கொழுப்பால் அதன் கதவைச் சாத்தப் போகிறேன். கூப்பிட்டுச் சமாதானம் சொல்லலாம். சொல்லி? "சரி டீச்சர், நூத்திருபது எப்படி வரும்?" என்று திரும்பவும் கேட்பாளே! விடையில்லாமல் அவள் முகத்தில் விழிக்க எனக்குத் தைரியமில்லை.

எங்கள் பள்ளியில் சமஸ்கிருதம் நடத்திய ரங்கநாயகிக்கு ஸ்ரீரங்கத்தில் வீடு. அவர் தம்பி காலேஜில் கணக்குப் படித்தவர். சனிக்கிழமை பஸ் ஏறிப் போனேன். "வாங்கோ லூர்துராணி, அம்பியோட புஸ்தகம் அத்தனையும் பரண்லதான் இருக்கு" என்று நாலு தடித்த புத்தகங்களை இறக்கி வைத்தார். மோர் கொடுத்தார். ஒரு மணி நேரம் புரட்டினேன். ஒரு வட்டம், நடுவில் ஓ, வட்டத்தின்மேல் பி, சுழலும் கோடு என்று ஏதோ ஒரு படம். நான் காலேஜில் மனப்பாடம் செய்த அதே படம். அன்றைக்கு எப்படிப் புரியவில்லையோ அப்படியே இன்றைக்கும் புரியவில்லை. வெட்கக்கேடு! ஒரு புத்தகத்தை இரவல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

மாசித் தெப்பத் திருவிழா நடந்துகொண்டிருந்தது. சாயங்காலம் நாலு மணி, கூட்டம் இன்னும் சேரவில்லை. தெப்பக்குளக் கரையில் பெரியண்ணன் மணியை ஆட்டிக்கொண்டிருந்தார். ராட்டினத்தில் ஒரே ஒருவர்தான், அரிசி மண்டிக்காரர், நல்ல பாரியான உடம்பு. எதிர்ப்பெட்டியில் இரண்டு மணல் மூட்டை வைத்தும் அவருக்கு ஈடாகவில்லை. வேலம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினார். பெட்டி மேலே போகப் போக அவர் கை தளர்ந்தது. உச்சிக்குப் போனதும் விட்டேவிட்டார். உடனே மறுபக்கம் ஓடிப்போய், இறங்கி வருகிற மரக்கையைத் தோள் கொடுத்துத் தாங்கினார். மூன்று சுற்றும் அப்படியே.

சும்மா போயிருக்கலாம். எனக்கு என்னவோ கேட்கத் தோன்றியது.

"ஏங்க, இந்தப் பக்கம் அவ்வளவு முக்கித் தள்ளுறீங்க, உச்சிக்குப் போனதும் விட்டுடுறீங்க, அப்புறம் அந்தப் பக்கம் ஓடிப் பிடிக்கிறீங்களே, எதுக்கு?"

அவர் என் கையிலிருந்த பையையும் நோட்டையும் சந்தேகமாகப் பார்த்தார். "நீங்க முனிசிபாலிட்டிங்களா?"

"இல்லைங்க, ஸ்கூல் டீச்சர்."

"அப்பாடா!" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பெட்டி பக்கவாட்டுல நேரா நீட்டிக்கிட்டு நிக்கும் பாருங்க, அப்பத்தான் முழுக் கனம். மேல ஏற ஏற கனம் கொறையும். உச்சியில நின்னா கனமே இல்ல, மண்டிக்காரர்கூட பஞ்சு மாதிரி. உச்சி தாண்டினா கனம் அந்தப் பக்கம் போயிடும். அப்ப நான் தள்ள வேண்டியதில்ல, அதுவே என்னைத் தள்ளும். பிடிக்கலேன்னா ஆளைக் கவுத்துப்புடும்."

"ஆள் அதே ஆள்தானே? கனம் எப்படிக் குறையும்?"

"ஆளும் அதே ஆளு, கைக்கட்டையும் அதே நீளம். தூணுக்கு எவ்வளவு தள்ளி நிக்குதுங்கிறதுலதாங்க எல்லாம் இருக்கு."

தூணுக்கு எவ்வளவு தள்ளி! முக்கோணத்தின் அடுத்த பக்கம் என்று நான் கரும்பலகையில் எழுதியது அதுதானே? அது உச்சி தாண்டினால் அந்தப் பக்கம் போகிறது என்கிறாரே!

"நான் ஏறணும்" என்றேன்.

ஏறக் கூடாத காலம் அது. ஈஸ்டருக்கு முன்னால் வருகிற நாற்பது நாள் தபசு காலத்தில் நாங்கள் மாமிசம் தொட மாட்டோம், கேளிக்கை எதற்கும் போக மாட்டோம். ராட்டினம் ஏறுகிற கிறிஸ்தவப் பெண்ணை யாராவது பார்த்தால் அவ்வளவுதான். கேளிக்கைக்காக ஏறவில்லை, கணக்குக்காக ஏறுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மண்டிக்காரர் இறங்கிய பெட்டியில் உட்கார்ந்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்த வேலம்மாள் எதிர்ப்பெட்டியில் ஒரு மூட்டையை மட்டும் விட்டுவிட்டு மற்றதை இறக்கினார். எனக்கு ஒரு மூட்டை போதுமாம்.

செங்குத்தாக ஒரு கோடு தெரிந்தால் நன்றாக இருக்கும் என்று பையில் நூல் தேடினேன். நூல் இல்லை, என் செபமாலைதான் இருந்தது. அதைப் பெட்டியின் ஓரத்திலிருந்து தொங்கவிட்டேன். சிலுவையின் கனத்தில் நேராகக் கீழே தொங்கியது. சாய்ந்திருக்கும் மரக்கை ஒரு பக்கம், நேராகத் தொங்குகிற மாலை ஒரு பக்கம், அச்சின் மட்டத்தில் கிடைக்கோடு ஒரு பக்கம். செங்கோண முக்கோணம்! அதற்குள்ளே நானே உட்கார்ந்திருக்கிறேன்.

"நிறுத்துங்க!" என்றேன். நிறுத்தினார். கண்ணளவுதான். பெட்டி பக்கவாட்டில் நேராக நீட்டிய இடத்திலிருந்து கால் சுற்றில் மூன்றில் ஒரு பங்குதான் திரும்பியிருக்கும், அதற்குள் கைநீளத்தில் பாதி உயரம் ஏறிவிட்டேன். முப்பது டிகிரிக்கு அரை! "இன்னும் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க!" அறுபதில் முக்காலுக்கும் மேலே. அதற்கப்புறம் உச்சி வரைக்கும் உயரம் அதிகம் கூடவில்லை. மரக்கையின் நீளம் மட்டும் மாறவே இல்லை. மாறாததால் ஒவ்வொரு தடவையும் எதற்கு வகுக்க வேண்டும்? அந்தக் கையையே ஒன்று என்று வைத்துவிட்டால், அச்சுக்கு மேலே நான் இருக்கும் உயரமே சைன். தூணிலிருந்து நான் தள்ளியிருக்கும் தூரமே கோசைன். புத்தகத்தில் ஓ என்று போட்டிருந்தது இந்த அச்சு. பி என்பது நான்.

உச்சி தாண்டியது. நூற்றிருபதில் நிறுத்தச் சொன்னேன். அறுபதில் எவ்வளவு உயரத்தில் இருந்தேனோ அதே உயரம். தூணிலிருந்து அதே அரைக் கை தூரம், ஆனால் தூணுக்கு அந்தப் பக்கம். கோணம் முக்கோணத்துக்குள் வரவேண்டிய அவசியமே இல்லை. கைதான் சுற்றுகிறது, அது நிற்கிற இடத்தில் முக்கோணம் விழுகிறது. நீளம் மைனஸ் ஆகவில்லை, பக்கம்தான் மாறியது. பத்து வருடமாக ஒப்பித்த சூத்திரம் அந்த மரப்பெட்டியில் வைத்து எனக்கு விளங்கியது. சிரித்தேன், கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது.

"மயக்கம் கியக்கம் வருதா டீச்சரம்மா? நிறுத்து நிறுத்துன்னா பாக்கிற சனம் என் ராட்டினம் ரிப்பேருன்னுல்ல நெனைக்கும்?" என்று வேலம்மாள் கீழிருந்து கத்தினார்.

இறங்கியதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "தூணுக்கு எவ்வளவு தள்ளின்னு சொன்னீங்களே, கணக்குல அதுக்குக் கோசைன்னு பேருங்க."

"இதுக்குப் பேரு வேற இருக்கா? இத்தனை நாளா நான் தோள்வலின்னுல்ல சொல்லிக்கிட்டு இருந்தேன்!"

திங்கட்கிழமை காலை மதர் கூப்பிட்டனுப்பினார். எங்கள் மாதா கோயில் பங்கில் வேதம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் தைரியராஜ் சனிக்கிழமை ஏதோ வேலையாக ஸ்ரீரங்கம் வந்திருக்கிறார். வந்தவர் நேராக மேலே பார்த்திருக்கிறார். தபசு காலத்தில், இந்துக் கோயில் திருவிழாவில், ராட்டினத்தில் ஏறிக்கொண்டு, செபமாலையை வெளியே தொங்கவிட்டு ஒரு கத்தோலிக்க டீச்சர் சிரித்துக்கொண்டிருக்கிறாள். மனிதர் பாவம், அன்றிரவு அவருக்குச் சாப்பாடு இறங்கியிருக்காது.

"உண்மையா?" என்றார் மதர்.

"அத்தனையும் உண்மை மதர்" என்று சொல்லிவிட்டு, அமலராணி கேட்டதிலிருந்து ராட்டினம் வரை மூச்சுவிடாமல் கொட்டினேன். மதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதை எல்லாம் எங்கிட்ட சொல்றீங்க. அந்தப் பெண்கிட்ட சொன்னீங்களா?"

"இல்லை மதர்."

"ஏன்?"

"எனக்குத் தெரியலைன்னு முதல்ல சொல்லணுமே மதர்."

"சொல்லுங்க. தபசு காலத்துக்கு நல்ல தபசு" என்றார். "ஆறு பேரையும் அந்த அம்மாகிட்ட கூட்டிட்டுப் போங்க. ஆனா ஒருத்தியும் ஏறக் கூடாது. நீங்களும்தான்."

அன்று பிற்பகல் வகுப்பில் ஆறு பேர் முன்னால் நின்றேன். "அமலராணி, அன்னைக்கு நீ கேட்டதுக்கு எனக்கு விடை தெரியலை. தெரியாததாலதான் கத்தினேன். தப்பு என்னோடது. நீ கேட்டது நல்ல கேள்வி" என்றேன். விடையைக் காட்ட ஆறு பேரையும் ஸ்ரீரங்கத்துக்குக் கூட்டிப்போகப் போகிறேன் என்றும் சொன்னேன். டீச்சர் இப்படிப் பேசி அவர்கள் கேட்டதில்லை.

"நான்தான் சாதாரணக் கணக்குக்குப் போறேனே டீச்சர். நான் எதுக்கு ஸ்ரீரங்கம் வரணும்?" என்றாள் அமலராணி. குரலில் இன்னும் வராந்தாவின் சூடு இருந்தது.

"வந்து பாரு. அப்புறமும் போகணும்னா போ. உன் பேரை அடிக்க மாசக் கடைசி வரைக்கும் நேரமிருக்கு."

திருவிழா முடிகிற நாள். மதியத்துக்கு மேல் ஆறு பேரையும் பஸ்ஸில் கூட்டிப்போனேன். ஒருத்தியும் ஏற மாட்டாள், ராட்டினம் எப்படிச் சுற்றுகிறது என்று பார்க்கத்தான் வந்திருக்கிறோம் என்று வேலம்மாளிடம் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பாத்தா என்ன தெரியும்? ஏற வேணாம்னா தள்ளட்டும்" என்றார். மதர் தள்ளக் கூடாது என்று சொல்லவில்லை. ஒரு பெட்டியில் இரண்டு மணல் மூட்டையை ஏற்றிவிட்டு, எதிர்ப்பெட்டியைக் காலியாக விட்டார். "யாரு முதல்ல?"

வேலம்மாள் நேராக அமலராணியைப் பார்த்தார். அவர் கண் தராசு என்று சொன்னேனே, எடை மட்டுமல்ல, அது எல்லாவற்றையும் நிறுக்கும். "நீ வா பாப்பா."

அமலராணி தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். மூட்டை வைத்த பெட்டி ஒரு கட்டையின் முட்டில் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நின்றது. தள்ளினாள். அசையவில்லை.

"கையால இல்ல, தோளைக் கொடு."

தோளைக் கொடுத்தாள். வேலம்மாளும் கூடப் பிடித்துக்கொண்டார். கைக்கட்டை மெதுவாக எழுந்தது. முகம் சிவக்கத் தள்ளிக்கொண்டிருந்தவள் கொஞ்ச நேரத்தில் ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தாள். "லேசாகுது டீச்சர்!" பெட்டி எட்டாத உயரத்துக்குப் போனதும் பின்னால் வந்த மரக்கையைப் பிடித்துத் தள்ளினாள். இன்னும் லேசு. மூட்டை உச்சியில் நின்றது. "இப்ப ஒத்தை விரலால பிடி" என்றார் வேலம்மாள். ஒற்றை விரலில் நின்றது அந்த ராட்டினம். "கோசைன் தொண்ணூறு, பூஜ்யம்" என்று அமலராணி தனக்குத்தானே முணுமுணுத்தாள்.

"மறுபக்கம் போயி நில்லு. நானும் பக்கத்துல நிக்கிறேன். வரும் பாரு."

மூட்டை உச்சியைத் தாண்டியது. இறங்கி வந்த கையைத் தாங்கிய அமலராணியை அது பின்னால் தள்ளியது. குதிகால் மணலில் கோடு போட்டது. "மைனஸ்!" என்று கத்தினாள். "டீச்சர், மைனஸ்! என்னைத் தள்ளுது டீச்சர், மைனஸ்!" பொரி வாங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். வேலம்மாள் இவளை விலக்கிவிட்டு, தன் தோளைக் கொடுத்து மூட்டையைப் பாதி இறக்கத்தில் பிடித்து நிறுத்தினார்.

அமலராணி மூச்சு வாங்கிக்கொண்டு அந்தக் கையையும் தூணையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீளம் மைனஸ் இல்லை. பக்கம்தான் மைனஸ். இல்லையா டீச்சர்?"

"பக்கம்தான்."

"அப்பாகிட்ட நானே பேசிக்கிறேன்" என்றாள். "என் பேரை அடிச்சிடாதீங்க டீச்சர்."

என்ன செய்கிறேன் என்று தெரிந்து செய்யவில்லை. ஆறு மாணவிகள் பார்க்க, தெப்பக்குளக் கரையின் கூட்டம் பார்க்க, என் வயதுக்காரியான வேலம்மாளின் காலில் அந்த மணலில் விழுந்துவிட்டேன்.

"ஐயையோ! என்னங்க இது! டீச்சரம்மா, எந்திரிங்க! படிச்சவங்க நீங்க, எங்கால்ல போயி! ஏங்க, இங்க வந்து பாருங்களேன் இந்தக் கூத்தை!" என்று பெரியண்ணனைக் கூப்பிட்டுப் பதறினார். ஆனால் ஒரு அடி விலக முடியவில்லை. தோளில் இரண்டு மூட்டை மணல் இருந்தது. விலகினால் பெட்டி என் தலையில் விழும். அசையாமல் நின்று அழுதார்.

அமலராணிதான் முதலில் ஓடி வந்து கைக்கட்டைக்குத் தோள் கொடுத்தாள். பின்னாலேயே மற்ற ஐந்து பேரும் வந்து பிடித்துக்கொண்டார்கள். அதன் பிறகுதான் வேலம்மாளுக்குக் கை காலியானது. குனிந்து என்னைத் தூக்கினார்.